"நிறுத்துங்கள், டாக்டர்!"

நீங்கள் எப்போதாவது தியேட்டருக்குள் போயிருக்கிறீர்களா? சினிமா தியேட்டரைச் சொல்லவில்லை. அங்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு போகலாம். படம் பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து வரலாம். நான் கேட்பது ஆஸ்பத்திரித் தியேட்டர். அங்கே போய் வந்தவர்களுக்கு மூன்று விஷயங்கள்தான் ஞாபகம் இருக்கும். பல்லைக் கிட்டிக்க வைக்கும் குளிர். தலைக்கு மேலே தாம்பாளம் போன்ற விளக்கு. முகமூடிக்கு மேலே தெரிந்த இரண்டு கண்கள். "பயப்படாதீங்க, மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்று அந்தக் கண்களுக்குச் சொந்தக்காரர் சொன்னதும் சிலருக்கு நினைவிருக்கலாம். அப்புறம் ஒன்றும் தெரியாது. கண் விழித்தால் வார்டு. பக்கத்தில் மனைவி, மாமியார், பிளாஸ்க்கில் கஞ்சி.

உடம்பு தேறி வீட்டுக்கு வந்ததும் டாக்டருக்குப் பழத்தட்டு போகிறது. "என்ன கைராசி!" என்று தெருவெல்லாம் பேச்சு. அந்த இரண்டு கண்களின் பெயர் என்ன என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நாமும் கேட்கவில்லை, டாக்டரும் சொல்லவில்லை.

அவர்தான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அவர் என்ன படிக்கிறார், அதற்கு மேல் என்ன படிக்க முடியும், படிப்பதிலே மிகக் கஷ்டமான பாடம் எது என்பதைத்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்லப் போகிறேன். கடைசியில் சொன்ன அந்தப் பாடத்துக்குக் கத்தியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். அதனால்தானோ என்னவோ, அதைப் பாடத்திட்டத்தில் சேர்ப்பதற்கே வெகு காலம் பிடித்தது.

முதலில் அரிச்சுவடி. நம் வீடுகளில் மடி ஆசாரம் பார்த்த பாட்டிமார்கள் இருந்தார்களே, அவர்களைப் பார்த்தவர்களுக்குத் தியேட்டரின் சட்டதிட்டம் நிமிஷத்தில் விளங்கிவிடும். முழங்கை வரையில் சோப்பும் மருந்தும் போட்டுத் தேய்த்துக் கழுவி, கிருமி நீக்கிய அங்கியும் கையுறையும் அணிந்தவர் 'மடி'. அவர் எதையும் தொடக் கூடாது, அவரையும் யாரும் தொடக் கூடாது. அங்கியிலும் இடுப்புக்குக் கீழே இருப்பது விழுப்பு, முதுகுப்புறமும் விழுப்பு. கையைத் தொங்கப் போடக் கூடாது. மார்புக்கு நேராகவே வைத்திருக்க வேண்டும். மூக்கு அரித்தால் அரித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்! இவர்தான் ஸ்க்ரப் நர்ஸ். டாக்டருக்குப் பக்கத்தில் நின்று ஆயுதங்களை எடுத்துக் கொடுப்பவர்.

இன்னொரு நர்ஸ் மடியில்லாதவர். அலமாரியைத் திறப்பதும், விளக்கைத் திருப்புவதும், குறிப்பு எழுதுவதும், வெளியிலிருந்து ரத்தப் பாட்டில் வாங்கி வருவதும் இவர் வேலை. பொட்டலத்தின் மேலுறையைப் பிரித்து, உள்ளே இருப்பதைத் தான் தொடாமல் மற்றவர் எடுத்துக்கொள்ளும்படி நீட்டுவார். பாட்டி கையில் படாமல் தண்ணீர் ஊற்றுவோமே, அதே வித்தை.

கையுறை என்றதும் ஒரு கதை ஞாபகம் வருகிறது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி 1889-ல் திறக்கப்பட்டது. அங்கே தியேட்டர் நர்ஸுகளுக்குத் தலைவியாக இருந்தவர் காரலின் ஹாம்ப்டன் என்ற பெண்மணி. தென் கரோலினாவில் பெரிய இடத்துப் பெண். அந்தக் காலத்தில் கிருமியைக் கொல்லப் பாதரச உப்புக் கரைசலில் கையை முக்குவார்கள். காரலினுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. கை முழுவதும் வெந்து தடித்துப் போயிற்று. வேலையை விட வேண்டியதுதான் என்ற நிலைமை. சர்ஜன் வில்லியம் ஹால்ஸ்டெட் யோசித்தார். குட்இயர் ரப்பர் கம்பெனிக்கு எழுதி, மெல்லிய ரப்பரில் இரண்டு ஜோடிக் கையுறை செய்யச் சொன்னார்.

கையுறை வந்தது, காரலினின் கை பிழைத்தது. 1890-ல் ஹால்ஸ்டெட் அந்தக் கையையே பிடித்துவிட்டார்! கல்யாணத்தோடு அந்த அம்மாள் தியேட்டர் வேலையை விட்டுவிட்டார். ஆனால் கையுறை போகவில்லை. உதவியாளர்களுக்கு அது பழகிப் போயிற்று. அவர்களில் ஒருவரான ஜோஸப் பிளட்குட், ஆபரேஷன் செய்கிறவர்கள் எல்லோரும் கையுறை அணிந்தால் புண்ணில் சீழ் பிடிப்பது வெகுவாகக் குறைகிறது என்று 1899-ல் கணக்குக் காட்டினார். நர்ஸின் கை வெந்து போனதில் ஆரம்பித்த காரியம் நோயாளியின் உயிரைக் காப்பதில் போய் முடிந்தது. டாக்டர்களுக்கு இது தோன்றுவதற்குப் பத்து வருஷமா என்று நீங்கள் கேட்டால், என்னிடம் பதில் இல்லை.

ஆயுதம் எடுத்துக் கொடுப்பதுகூட ஆதியிலிருந்து வந்த வழக்கம் இல்லை. கொத்தனார் வேலையில் ஆரம்பித்துப் பெரிய தொழில் நிபுணரான பிராங்க் கில்பிரெத் என்ற அமெரிக்கர், (பன்னிரண்டு குழந்தைகளின் தகப்பனார், வீட்டையே தொழிற்சாலை மாதிரி நடத்தியவர்) 1910-களில் ஆபரேஷன்களைச் சினிமாப் படம் எடுத்துப் பார்த்தார். சர்ஜன் நோயாளியைப் பார்ப்பதைவிடத் தட்டில் ஆயுதம் தேடுவதிலேயே நேரத்தைச் செலவிடுகிறார் என்று கண்டுபிடித்தார். "கையை நீட்டினால் ஆயுதம் வந்து உட்கார வேண்டும், தேடுகிற வேலை வேறொருவருடையது" என்பது அவர் யோசனை. இன்றைக்கு உலகம் முழுவதும் அப்படித்தான் நடக்கிறது.

கையை நீட்டியதும் ஆயுதம் வர வேண்டுமானால், நீட்டுவதற்கு முன்பே நர்ஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? சமையலில் கடுகு வெடித்ததும் கறிவேப்பிலையை நீட்டும் மருமகளைப்போல. ரத்தக் குழாய் தெரிந்தால் இடுக்கி, இடுக்கிக்குப் பின் நூல், நூலுக்குப் பின் கத்தரி. ஆபரேஷன் எந்தப் பக்கம் போகிறது என்று டாக்டரோடு சேர்ந்தே மனத்துக்குள் நடந்துகொண்டிருப்பவர்தான் நல்ல ஸ்க்ரப் நர்ஸ். சொல்லாமலே கொடுப்பார். கேட்ட ஆயுதம் தப்பு என்று தோன்றினால், கேட்டதையும் கொடுத்து, பக்கத்தில் சரியானதையும் தயாராக வைத்திருப்பார். எத்தனையோ இளம் டாக்டர்கள் அதைப் பார்த்துத்தான் தொழில் பழகியிருக்கிறார்கள். சான்றிதழில் அது எழுதப்படுவதில்லை.

இவ்வளவு தெரிந்தவருக்கு இன்னும் கொஞ்சம் சொல்லிக் கொடுத்தால் என்ன என்ற கேள்வி எழாமல் இருக்குமா? எழுந்தது. 1949-ல் நியூயார்க்கில் தியேட்டர் நர்ஸுகள் சிலர் கூடித் தங்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். 1954-ல் பாஸ்டனில் முதல் தேசிய மாநாடு கூடியது. 1984-ல் அந்தச் சங்கம், தக்க பயிற்சி பெற்ற நர்ஸ், சர்ஜனுக்கு எதிரே நின்று முதல் உதவியாளராக வேலை செய்யலாம் என்று முறைப்படி அறிவித்தது. பிரிட்டனிலும் இதே மாதிரிப் பதவிகள் ஏற்பட்டன. அங்கே 2009-ல் பயிற்சி டாக்டர்களின் வேலை நேரம் சராசரியாக வாரத்துக்கு 48 மணிக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் வந்ததும், தியேட்டரில் இன்னொரு ஜோடிக் கை யாருடையது என்ற பிரச்னை பெரிதாயிற்று.

முதல் உதவியாளர் என்றால் என்ன செய்வார்? கத்தி வைப்பது சர்ஜன்தான். மற்றதில் பெரும்பகுதிக்கு உதவியாளரின் கை வேண்டும். அந்தக் கைக்கு என்னென்ன கற்றுக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

முதலில் முடிச்சு. 'இது என்ன பெரிய வித்தை' என்று நினைக்காதீர்கள். முதல் சுற்று ஒரு பக்கம், இரண்டாவது சுற்று எதிர்ப்பக்கம் போட்டால் முடிச்சு அழுத்தமாக நிற்கும். இரண்டும் ஒரே பக்கமாகப் போனால் வழுக்கிக்கொண்டு அவிழும். அந்த அவிழும் முடிச்சுக்கு இங்கிலீஷ்காரர்கள் வைத்த பெயர் 'பாட்டி முடிச்சு'. எந்தப் பாட்டியின் மேல் என்ன கோபமோ! ரத்தக் குழாயில் போட்ட பாட்டி முடிச்சு நடுராத்திரியில் வார்டில் அவிழ்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் வீட்டுப் பெண்கள் வாழை நாரில் மல்லிகை தொடுக்கும்போது, ஒரு கை பூவைப் பிடித்திருக்க, மறு கை விரல்கள் நாரை வளைத்து, உள்ளே நுழைத்து, இழுத்துவிடும். கண் அங்கே பார்ப்பதுகூட இல்லை. வாய் ஊர் வம்பு பேசிக்கொண்டிருக்கும். சர்ஜரியில் ஒரு கையால் போடும் முடிச்சும் இந்த ஜாதிதான். பழகுகிறவர்கள் நாற்காலிக் கையிலும் மேஜை டிராயரின் கைப்பிடியிலும் நூலைக் கட்டிக்கொண்டு நூறு, இருநூறு என்று போட்டுத் தள்ளுவார்கள். அப்புறம் ஆழத்தில் முடிச்சு. ஒரு குவளையின் அடியில் கொக்கி. அந்தக் கொக்கி ரப்பர் நாடாவில் கட்டியிருக்கும். குவளைக்குள் விரலை விட்டு, நாடா மேலே எழும்பாமல் முடிச்சை இறுக்க வேண்டும். நாடா எழும்பினால், நிஜ உடம்பில் ரத்தக் குழாய் பிய்ந்தது என்று அர்த்தம்.

தையலுக்கு வாழைப்பழத் தோல், ஆரஞ்சுத் தோல். இழுத்துப் பிடித்தால் தோல் கிழிந்து குட்டை உடைத்துவிடும், நல்ல வாத்தியார்! அதிலே தேறினால் கசாப்புக் கடையிலிருந்து பன்றிக்கால். சைவ வாசகர்கள் மன்னிக்க. மனிதத் தோலுக்கு அது அவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதாம். பட்டு நூலை முடிச்சுக்குக் கிட்டவே நறுக்கலாம். நைலான் வழுக்கும், வால் கொஞ்சம் நீளமாக விட வேண்டும். ரத்தத்தைக் காஸ் துணியால் ஒற்ற வேண்டும், துடைக்கக் கூடாது. துடைத்தால் அப்போதுதான் உறைந்து வாயை மூடிய சின்னக் குழாய் மறுபடி திறந்துகொள்ளும். ஈரலையோ குடலையோ விலக்கிப் பிடிப்பது வெறும் பலம் சம்பந்தப்பட்ட வேலை என்று தோன்றும். பிடி தளர்ந்தால் சர்ஜனுக்கு இடம் தெரியாது. பிடி இறுகினால் உறுப்பு நசுங்கும். மணிக்கணக்கில் நின்றுகொண்டு இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

வயிற்றில் சின்னத் துவாரம் போட்டு, உள்ளே காமிராவை விட்டுச் செய்யும் ஆபரேஷன் வந்த பிறகு இந்தப் படிப்பு இன்னும் வளர்ந்தது. பித்தப்பையை இப்படி எடுத்தவர்களில் முதல்வர் ஜெர்மானியரான எரிக் மூஹே, 1985-ல். இரண்டு வருஷம் கழித்துப் பிரான்ஸில் லியோன் நகரத்து பிலிப் மூரே. இதிலே வேடிக்கை என்னவென்றால், காமிராவைப் பிடித்திருப்பவர் பெரும்பாலும் உதவியாளர். டாக்டரின் கண் இன்னொருவர் கையில்! கண் கோணலாகப் போனால் டாக்டர் என்ன செய்வார்? போதாக்குறைக்குத் துவாரத்தை மையமாகக்கொண்டு கருவி ஆடுவதால், கையை இடப்பக்கம் நகர்த்தினால் உள்ளே முனை வலப்பக்கம் போகும், படகுத் துடுப்பைப்போல. இதைப் பழக ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். மூடிய பெட்டிக்குள் பீன்ஸ் விதைகள், வெளியே டெலிவிஷன். திரையைப் பார்த்துக்கொண்டே விதைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சின்னக் கிண்ணத்தில் போட வேண்டும். முதல் நாள் விதைகள் பெட்டியெங்கும் ஓடும். ஒரு மாதத்தில் கிண்ணம் நிறையும்.

இத்தனைக்கும் நடுவே அமெரிக்கச் சங்கத்தார் ஒரு கண்டிப்பான விதி வைத்திருக்கிறார்கள். முதல் உதவியாளராக நிற்கும் நர்ஸ், அதே ஆபரேஷனில் ஸ்க்ரப் நர்ஸ் வேலையையும் சேர்த்துப் பார்க்கக் கூடாது. "இரண்டையும் நீயே பார்த்துக்கோம்மா" என்று சொல்லிச் சம்பளத்தை மிச்சம் பிடிக்க நினைக்கும் நிர்வாகங்கள் எங்கும் உண்டு என்பதை அவர்கள் அறிந்திருப்பார்கள் போலிருக்கிறது.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று சொல்கிறேன். மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வேங்கடசாமி 1976-ல் பதினொரு படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் குறைவு. அங்கே பெரும்பாலும் கிராமத்துப் பெண்களைப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் சேர்த்துக்கொண்டு, இரண்டு வருஷம் தங்களிடமே பயிற்சி கொடுக்கிறார்கள். நர்ஸிங் காலேஜில் படித்த நர்ஸுகள் அல்ல இவர்கள். கண்ணுக்கு மட்டும் தேர்ந்தவர்கள். தியேட்டரில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. இந்த மேஜையில் புரையை எடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த மேஜையில் இந்தப் பெண்கள் அடுத்த நோயாளியைத் தயார் செய்துவிடுவார்கள். டாக்டர் திரும்ப வேண்டியதுதான். ஒரு டாக்டர் வருஷத்தில் ஆயிரக்கணக்கில் கண்களுக்குப் பார்வை கொடுக்க முடிகிறதென்றால், அந்தப் பெண்களின் கை அவ்வளவு பழகியிருக்கிறது.

ஆகக் கை பழகிவிடும். நாள் பிடிக்கும், அவ்வளவுதான். பழகாத ஒன்று உண்டு. அதற்கு வருகிறேன்.

2005 மார்ச் 29. இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரி. மார்ட்டின் பிராமிலி என்ற விமான ஓட்டியின் மனைவி, மூக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண ஆபரேஷனுக்காகப் போனார். இரண்டு சின்னக் குழந்தைகளின் தாய். கணவரும் குழந்தைகளும் வழியனுப்பிவிட்டு வீடு திரும்பினார்கள்.

மயக்க மருந்து கொடுத்ததும் மூச்சுப் பாதை அடைத்துக்கொண்டது. காற்றுப் போகவில்லை, ரத்தத்தில் பிராணவாயு சரசரவென்று இறங்கியது. வாய் வழியாகக் குழாய் விடப் பார்த்தார்கள், போகவில்லை. இன்னொரு மயக்க டாக்டர் ஓடி வந்தார். காது மூக்குத் தொண்டை சர்ஜனும் சேர்ந்துகொண்டார். மூன்று பேரும் நல்ல அநுபவசாலிகள். இந்த மாதிரி நெருக்கடியில் குழாயும் போகாமல் காற்றும் போகாமல் இருந்தால், தொண்டையில் வெளியிலிருந்து துவாரம் போட்டுக் காற்றுக் கொடுக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாத சங்கதி அல்ல. ஆனால் 'இதோ போய்விடும், இன்னும் ஒரு தடவை' என்று குழாயையே முயன்றுகொண்டிருந்தார்கள். அப்படியே இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடிப் போயிற்று.

அங்கே இருந்த நர்ஸுகள்? ஒருவர் தொண்டையில் துவாரம் போடும் கருவிப் பெட்டியைத் தாமாகவே கொண்டுவந்து, "தயாராக இருக்கிறது" என்று சொன்னார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொருவர் தீவிர சிகிச்சை வார்டில் படுக்கைக்கு ஏற்பாடு செய்தார். இதென்ன, இவ்வளவு பதற்றம் என்பதுபோல் டாக்டர்கள் பார்க்கவே, அதை ரத்துச் செய்துவிட்டார். பதின்மூன்று நாள் கழித்து அந்த அம்மாள் இறந்து போனார். என்ன செய்ய வேண்டும் என்று நர்ஸுகளுக்குத் தெரிந்திருந்தது. அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை என்று விசாரணைக்குப் பிறகு புலப்பட்டது.

கணவர் என்ன செய்தார் தெரியுமா? யாரையும் தூக்கில் போடுங்கள் என்று கூச்சல் போடவில்லை. அவர் தொழிலில் இந்தக் கதை அவருக்கு நன்றாகத் தெரிந்த கதை. 1977 மார்ச் 27-ல் டெனரிஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டார்கள். புறப்பட்டுக்கொண்டிருந்த விமானத்தில் உட்கார்ந்திருந்த இன்ஜினீயருக்குச் சந்தேகம் தட்டியது. 'எதிரே அந்த விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ?' என்ற அர்த்தத்தில் கேட்டும் பார்த்தார். காப்டன் பெரிய அநுபவஸ்தர்; விலகியாயிற்று என்று அழுத்திச் சொல்லிவிட்டார். இன்ஜினீயர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அதன் பிறகுதான், சின்னவர் பெரியவரிடம் எப்படிச் சொல்வது, பெரியவர் எப்படிக் காது கொடுப்பது என்பதை விமானக் கம்பெனிகள் ஒரு பாடமாகவே வைத்தன. அந்தப் பாடத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும் என்று பிராமிலி 2007-ல் ஒரு குழுவை ஏற்படுத்தி, ஊர் ஊராகப் போய்ப் பேசினார். நான் அறிந்தவரையில் துக்கத்தை இவ்வளவு பிரயோஜனமாகச் செலவிட்டவர்கள் சிலரே.

வாய் திறக்க ஒரு படிப்பா என்று சிரிக்காதீர்கள். உங்கள் ஆபீஸில் மானேஜர் தப்பாகக் கூட்டல் போட்டால் உடனே சொல்வீர்களா? "ஸார், வந்து..." என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்பீர்கள். கூட்டலில் தப்பினால் போவது பணம். சின்ன ஊரிலிருந்து வந்த இருபத்திரண்டு வயதுப் பெண், தலைநரைத்த பெரிய டாக்டரிடம், அதுவும் அவர் கையில் கத்தி இருக்கும்போது, "நிறுத்துங்கள்" என்று சொல்ல வேண்டுமானால் அதற்கு வார்த்தை தயாராக இருக்க வேண்டும். அந்த வார்த்தையைத்தான் கற்றுக் கொடுக்கிறார்கள்.

மூன்று படி. முதல் படியில் "எனக்குக் கவலையாக இருக்கிறது" என்று சொல்லிக் காரணத்தைச் சொல்ல வேண்டும். கேட்கவில்லையா? "எனக்கு மனசு ஒப்பவில்லை." அதற்கும் செவி சாய்க்கவில்லையா? "இது நோயாளிக்கு ஆபத்து. நிறுத்துங்கள்." மூன்றாவதைச் சொன்னால் எப்பேர்ப்பட்டவரும் கையை எடுத்துவிட்டு விசாரித்தாக வேண்டும் என்று முன்கூட்டியே எல்லோரும் ஒப்புக்கொண்டிருப்பார்கள். சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. நர்ஸுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்து டாக்டருக்குச் சொல்லிக் கொடுக்காவிட்டால், பாவம், அந்தப் பெண்ணின் வேலைக்கு ஆபத்து!

இதை வகுப்பில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தால் வராது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபர்ட் சர்வகலாசாலையில் டேவிட் காபா என்ற மயக்க டாக்டர், விமானிகள் பூமியில் இருந்தபடியே பொய் விமானம் ஓட்டிப் பழகுவதைப் பார்த்து, 1980-களின் பிற்பகுதியில் பொய்த் தியேட்டர் ஒன்றை அமைத்தார். மேஜையில் படுத்திருப்பது பொம்மை. ஆனால் நாடி அடிக்கும், மூச்சு விடும், திடீரென்று நின்றும் போகும். டாக்டர், நர்ஸ் எல்லோரும் சேர்ந்து அதைக் காப்பாற்ற வேண்டும். எல்லாம் படம் எடுக்கப்பட்டு, பிறகு அவர்களுக்கே போட்டுக் காட்டப்படும். தன் மௌனத்தைத் தானே திரையில் பார்ப்பதைவிடப் பெரிய பாடம் இல்லையாம். ஸ்காத்லாந்தில் அபர்டீன் சர்வகலாசாலையார் இன்னும் ஒரு படி போய், ஸ்க்ரப் நர்ஸுக்கென்றே ஓர் அளவுகோல் வகுத்தார்கள். கைவேலைக்கு அதில் மார்க் கிடையாது. சுற்றிலும் நடப்பதைக் கவனித்தாரா, மற்றவர்களோடு பேசிச் சேர்ந்து வேலை செய்தாரா, வேலையைத் திட்டமிட்டு நெருக்கடியைச் சமாளித்தாரா என்பதற்குத்தான் மார்க்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2008-ல் ஒரு தாளை வெளியிட்டதே, அதுவும் இதே நோக்கம்தான். மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், நோயாளி தியேட்டரை விட்டுப் போகும் முன் என்று மூன்று இடத்தில் நின்று, கேள்விகளை உரக்கக் கேட்டுப் பதில் வாங்க வேண்டும். 'இவர் யார், எந்தப் பக்கம் ஆபரேஷன்' என்பதோடு, அங்கே நிற்பவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும். பெயரைச் சொல்ல ஒரு தடவை வாய் திறந்தவருக்கு, அப்புறம் ஆபத்தைச் சொல்லவும் வாய் வரும் என்ற யுக்தி! நம் புதுடில்லி உட்பட எட்டு நகரங்களில் எட்டு ஆஸ்பத்திரிகளில் இதைப் பரீட்சை செய்தார்கள். ஆபரேஷனுக்குப் பின் சிக்கல் வந்தவர்கள் நூற்றுக்கு 11 பேராக இருந்தது 7 ஆயிற்று. இறந்தவர்கள் 1.5 சதவிகிதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தார்கள். 2009-ல் இது வெளியானதும் உலகமே தாளை வாங்கி ஒட்டிக்கொண்டது.

ஆனால் 2014-ல் கனடாவிலிருந்து வேறு சேதி வந்தது. ஆண்டேரியோ மாகாணத்தில் 101 ஆஸ்பத்திரிகளில் தாளை அமுலுக்குக் கொண்டுவந்தும், சொல்லும்படியான மாறுதல் எதுவும் தெரியவில்லை. ஏன் என்று பண்டிதர்கள் விவாதித்தார்கள். என் அபிப்பிராயம் இது: தாளில் 'டிக்' போட ஒரு பென்ஸில் போதும். ஒருவர் வாய் திறப்பதற்கும் மற்றவர் காது கொடுப்பதற்கும் பழக்கம் வேண்டும். அதற்குப் பொழுது ஒதுக்க வேண்டும். பொழுதுக்குப் பணம் வேண்டும். தாள் மலிவு.

அந்தப் பழக்கத்துக்கு நடத்துகிற வகுப்பு எப்படி இருக்கும் என்று சொல்லி முடிக்கிறேன். தியேட்டரில் ரத்தம் ஒற்றும் துணிகளை ஐந்தைந்தாகக் கட்டி வைத்திருப்பார்கள். நம் ஊரில் பெரியதை 'மாப்' என்பார்கள். ஒவ்வொன்றிலும் எக்ஸ்ரேயில் தெரிகிற நூல் ஒன்று ஓடும். ஆரம்பிக்கும்போது இரண்டு நர்ஸுகள் சேர்ந்து வாய்விட்டு எண்ண வேண்டும். வயிற்றை மூடுவதற்கு முன் எண்ண வேண்டும். தோலைத் தைக்கும்போது மறுபடி. ஒன்று குறைந்தால் அது வயிற்றுக்குள் இருக்கலாம்.

பொய்த் தியேட்டர். படுத்திருப்பது பொம்மை. ஆரம்பத்தில் எண்ணியது இருபது. சர்ஜன் வேஷத்தில் ஆசிரியை. அவருக்கு ரயிலுக்கு நேரமாகிறதாம், குரலில் கடுகடுப்பு. "தையல் நூல்!" என்று கையை நீட்டுகிறார். மாணவி எண்ணுகிறாள், பத்தொன்பது.

"டாக்டர், ஒன்று குறைகிறது."

"நீ தப்பாக எண்ணியிருப்பாய். நூலைக் கொடு."

மறுபடி எண்ணுகிறாள். இன்னொரு மாணவி வாளியைக் கவிழ்த்துப் பார்க்கிறாள். மேஜைக்கு அடியில் தவழ்ந்து தேடுகிறாள். இல்லை.

"எனக்குக் கவலையாக இருக்கிறது, டாக்டர். பத்தொன்பதுதான் இருக்கிறது."

"எத்தனை வருஷமாக நான் இந்த ஆபரேஷன் செய்கிறேன் தெரியுமா? உள்ளே ஒன்றும் இல்லை. கொடு!"

"எனக்கு மனசு ஒப்பவில்லை."

ஆசிரியை முறைக்கிறார். நீட்டிய கை நீட்டியபடியே இருக்கிறது. இந்த இடத்தில்தான் பல பெண்களுக்குக் கை தானாக ஊசி நூலை நீட்டிவிடும். எத்தனை முடிச்சுப் பழகிய கையானாலும் சரி. நீட்டாத பெண் ஒரு மூச்சு இழுத்துவிட்டு, ஊசியைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு சொல்கிறாள்:

"இது நோயாளிக்கு ஆபத்து. தைப்பதை நிறுத்துங்கள், டாக்டர். எக்ஸ்ரே எடுக்க வேண்டும்."

அப்போதுதான் ஆசிரியை முகமூடியை இறக்கிச் சிரிப்பார். அங்கியைக் கழற்றி, உள்சட்டைப் பையிலிருந்து இருபதாவது துணியை எடுத்து மேஜையில் போடுவார்.

நூலைக் கொடுத்துவிட்ட பெண் மறுநாள் காலையில் இதே பாடத்துக்குத் திரும்ப வர வேண்டும். அன்றைக்கு ஒளித்து வைப்பது துணியாக இருக்காது, ஊசியாக இருக்கும்.